மேற்கே பழைய கட்டடம்

எங்கள் தெரு முனையில் இருந்த காலி மனையில் பெட்ரோல் பங்க் வரப்போகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜேசிபி வந்து அங்கிருந்த வேப்பமரங்களைச் சாய்த்தபோதுதான் தெரிந்தது. நான் கடைக்குக் கிளம்ப ஸ்கூட்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். மனையை ஒட்டின வீட்டு பாய், லுங்கியும் பனியனுமாக நடுத்தெருவில் நின்று ஜேசிபி ஓட்டுகிறவரிடம் கையை ஆட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

"தங்கச்சி, பங்க் வருதாம்."

"இங்கயா? வீடுங்களுக்கு நடுவுலயா பாய்?"

"அதத்தான் நானும் கேட்டேன். அவன், எனக்கு இன்னா தெரியும், மரத்த எடுக்கச் சொன்னாங்க எடுக்குறேன்றான்."

அந்த மனை பிரான்சில் குடியேறிவிட்ட ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். இடிந்த சுவர் ஒன்றும் ஐந்து வேப்பமரங்களும் மட்டுமே மிச்சம். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கூடை சுமந்து வரும் அம்மா அந்த நிழலில்தான் கூடையை இறக்கி வைப்பார். மற்றபடி அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. மரங்கள் விழுந்த அன்று எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் மதிய வெயில் புதிதாக வந்து விழுந்தது.

பாய் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் நூல், பட்டன், ஜிப் வியாபாரம் செய்தவர். மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போன பிறகு கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அந்த அக்காவுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் வியாதி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கில் குழாயோடு அவர் படுத்திருக்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால் அந்த மனைதான். ஜன்னலுக்கும் மனையின் எல்லைக்கும் நடுவே ஒரு ஆள் போகும் சந்து. அவ்வளவுதான் தூரம்.

அந்த வாரமே தெருக்காரர்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். கூடினதற்குக் காரணம் நான். தாலுகா ஆபீஸ் எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் பிழைப்பு டைப்பிங்கில்தான். பட்டா மாற்றம், வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், மனு. எந்த வார்த்தையைப் போட்டால் ஃபைல் நகரும், எந்த வார்த்தையைப் போட்டால் திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும். தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். அதனால் மனு என் பொறுப்பு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஏற்கனவே கூப்பிடு தூரத்தில் மூன்று பங்க் இருந்தது. விழுப்புரம், கடலூர் பக்கத்து வண்டிகள் எல்லாம் இங்கே விலை குறைவு என்று வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போகும். இன்னொன்று எதற்கு என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். நான் அதையெல்லாம் எழுதவில்லை. குடியிருப்புப் பகுதியிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளித்தான் பங்க் இருக்க வேண்டும் என்ற விதியை எழுதினேன். ஆக்சிஜன் மெஷினோடு ஒரு நோயாளி பக்கத்துச் சுவரை ஒட்டிப் படுத்திருப்பதை எழுதினேன். அக்காவின் மருத்துவச் சீட்டுகளை இணைத்தேன்.

நானும் பாயும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். பால் கடைக்காரர் மட்டும் போட மறுத்தார். பங்க் வந்தால் இந்தப் பக்கம் ஜனம் வரும், எனக்கு வியாபாரம் ஆகும், நான் எதுக்குப் போடணும் என்று நேராகவே கேட்டார். கடைசி வீட்டில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் இருந்தார். தெருவில் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவர் கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல், மனைக்காரர்களுக்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதி பாரிஸ் பக்கத்து முகவரிக்கு அனுப்பினார். ஒரு மாதம் கழித்து மூன்று வரியில் பதில் வந்தது. முசியே அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

"தெசொலேன்றான். வருத்தமா இருக்காம். இருபது வருஷத்துக்குக் குத்தகைக்கு விட்டாச்சாம், அவன் கையில ஒண்ணும் இல்லியாம்."

"இவ்ளோதானா முசியே?" என்றார் பாய்.

"அவ்ளோதான். கீழ, உங்க உடம்பப் பாத்துக்கங்கன்னு எழுதிருக்கான்."

மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. பிறகு, தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு தாள் வந்தது. அப்படிப்பட்ட தாள்களை என் கடையில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது என்று பாயிடம் சொன்னேன். அந்த ஃபைலில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் என் பெயரிலேயே ஒரு விண்ணப்பம் போட்டேன். கடை முகவரியைக் கொடுத்திருந்தேன்.

கேட்ட நகல்களின் கட்டு ஒரு மத்தியானம் வந்தது. கடையில் கூட்டம் இல்லை. சாப்பாட்டு டப்பாவை ஓரமாக நகர்த்திவிட்டுப் பிரித்தேன். வரைபடம், குத்தகைப் பத்திரத்தின் நகல், தீயணைப்புத் துறைக்கு எழுதின கடிதம் எல்லாம் இருந்தது. ஏழாவதோ எட்டாவதோ தாள், விண்ணப்பதாரரின் உறுதிமொழி. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. தலைப்புக்குக் கீழே நான் எப்போதும் போடும் இரட்டைக் கோடு. பக்கத்தின் அடியில், என் கம்ப்யூட்டர் தானாக அச்சடிக்கும் சின்ன எழுத்தில் ஃபைல் பெயர். அதில் என் கடைப் பெயரின் முதல் எழுத்துகள்.

வடக்கே மெயின் ரோடு. தெற்கே காலி மனை. கிழக்கே குடோன். மேற்கே பழைய கட்டடம்.

நான்கைந்து மாதத்துக்கு முன்பு, மழை பெய்த ஒரு நாளில் வந்தவர். வெள்ளைச் சட்டை, பிளாஸ்டிக் ஃபோல்டர், மரியாதையான பேச்சு. பெட்ரோல் பங்க்குக்கு என்று தெரிந்தேதான் அடித்தேன். சர்வே நம்பரும் மெயின் ரோட்டின் பெயரும்தான் அவர் கொடுத்த தாளில் இருந்தன. எங்கள் தெருப் பெயர் எங்கும் இல்லை. அது எந்த இடமோ, யார் வீட்டுப் பக்கமோ என்று இருந்துவிட்டேன். அன்றைக்குப் பேசினது எல்லாம் அந்தத் தாளைப் பார்த்ததும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

"மேற்கால ஒரு பழைய வீடு இருக்கு மேடம். போட்டே ஆகணுமா?"

"எல்லைன்னா நாலு பக்கமும் போட்டுத்தான் சார் ஆகணும்."

"வீடுன்னு போட்டா தேவையில்லாம கேள்வி கேப்பாங்களே."

"பழைய கட்டடம்னு போட்டுக்கலாம் சார். பொய்யும் இல்ல."

அந்த வார்த்தையை அவர் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, கரெக்ட் மேடம் என்றார். மழை விடும்வரை கடையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து, கடை மேஜையின் அடி டிராயரில் பழைய ரசீதுப் புத்தகங்களுக்குக் கீழே வைத்தேன். மீதித் தாள்களை நகல் எடுத்து, சாயந்திரம் பாயிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"இதுல நம்ம வூட்டப் பத்தி ஒண்ணுமே இல்லியே தங்கச்சி?"

"எனக்கும் அதான் புரியல பாய்."

இதைச் சொன்னபோது என் குரல் கொஞ்சமும் மாறவில்லை.

அன்றிரவு என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். "நீ சொன்னா பங்க் நின்னுடுமா?" என்றார். "நீ அடிச்சது தெரிஞ்சா தெருவுல ஒருத்தரும் மூஞ்சில முழிக்க மாட்டாங்க. ஆபீஸ்ல தெரிஞ்சா கடையே போவும். உட்டுடு." அவர் சொல்லித்தான் விட்டேன் என்று எழுதினால் அது நியாயம் இல்லை. அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அதிகாரிகள் இடத்தைப் பார்வையிட வந்தார்கள். இரண்டு பேர் டேப் பிடித்தார்கள். மூத்த அதிகாரி ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். தெருவில் பாதிப் பேர் வந்திருந்தோம். டேங்க் புதைக்கப்போகும் இடத்திலிருந்து அளந்தார்கள். அது மனையின் கிழக்கு மூலை. பாய் அவர்களுக்குப் பின்னாலேயே நடந்தார்.

"சார், இங்க இருந்து அளங்க சார். இது என் வூட்டுச் சுவரு. உள்ள என் பொண்டாட்டி படுத்துருக்கா."

அதிகாரி ஃபைலைப் பிரித்துப் பார்த்தார். "மேற்கே பழைய கட்டடம்னுதானே போட்டிருக்கு?"

"கட்டடமா? யாரு சார் அப்படிப் போட்டது?"

"பார்ட்டி குடுத்த உறுதிமொழிங்க. எங்களுக்கு வந்தத வச்சுத்தான் நாங்க பாக்க முடியும்."

"நாங்க முப்பத்தோரு வருஷமா இருக்குறோம் சார் இதுல."

பாய் கேட்டுக்கொண்டதன் பேரில் அதிகாரி வீட்டுக்குள் வந்தார். நானும் பின்னால் போனேன். அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து உட்காரப் பார்த்தார். படுத்துக்கங்கம்மா என்று அதிகாரி பதறினார். மெஷினைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அக்கா மூச்சை இழுத்து இழுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த மெஷினு ஓடுறப்ப பக்கத்துல நெருப்பு, பெட்ரோல் எதுவும் இருக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. நான் இத நிறுத்திடணுமா சார்?"

அதிகாரி ஃபைலை மூடினார். வெளியே வந்ததும் பாயிடம், "நான் பார்த்தத எழுதறேன்" என்றார். கொஞ்சம் தள்ளி வந்து தணிந்த குரலில் இன்னொன்றும் சொன்னார். நகர வரைபடத்தில் மெயின் ரோட்டை ஒட்டின இந்த வரிசை வணிகப் பகுதி என்று இருக்கிறது. வரைபடத்தில் குடியிருப்பு என்று குறித்த இடத்துக்குத்தான் அந்த ஐம்பது மீட்டர் பொருந்தும் என்று பங்க்காரர்கள் வாதாடலாம். "ஆனா பக்கத்துல வீடு இருக்குறது தெரிஞ்சே மறைச்சு உறுதிமொழி குடுத்திருக்காங்கன்னு நிரூபிச்சா, அதை வச்சு நிறுத்தலாம். அதுக்கு ஆதாரம் இருந்தா சீக்கிரம் கொண்டாங்க."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவரைப் பொறுத்தவரை ஆதாரம், தாள், மனு என்றால் நான்தான். "இன்னா தங்கச்சி, அந்த உறுதிமொழி நமக்கு வந்த கட்டுல இல்லியே, எதாச்சும் வழி இருக்கா?" என்று கேட்டார். பார்க்கலாம் பாய் என்றேன்.

இன்னும் பதினோரு நாள் பார்த்தேன். தினமும் கடைக்குப் போனேன். டிராயரைத் திறக்காமலே ரசீது எழுதினேன். பன்னிரண்டாவது நாள் காலை அக்காவுக்கு மூச்சு அதிகமாகி ஆம்புலன்ஸ் வந்தது. அவரை ஏற்றும்போது மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், போயிட்டு வரேன் என்பதுபோல. அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் பாய் உட்கார்ந்திருந்தார். தாளை அவரிடம் கொடுத்தேன். முழுவதையும் சொன்னேன். அந்த வார்த்தையைக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் தாளை மடியில் விரித்துப் படித்தார்.

"இது நம்ம தெருன்னு அப்ப உனக்குத் தெரியாது."

"தெரியாது பாய். சத்தியமா."

"சரி. இந்தத் தாள நீ எப்ப பாத்த?"

"மூணு வாரம் ஆச்சு."

"அப்பன்னா அந்த ஆபீசர் வந்தப்ப, நான் உன்னக் கேட்டப்ப, இது உன் கையில இருந்துச்சு."

ஒரு நர்ஸ் வந்து மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். பாய் எழுந்தார்.

"டைப் அடிச்சத நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பொழப்பு. ஆனா அன்னிக்கு நீ என் பக்கத்துல நின்னுட்டு இருந்த பாரு." சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை என் பெயரில் ஓர் உறுதிமொழி அடித்தேன். இன்ன நாள், இன்ன ஆள் வந்தார், மேற்கே வீடு இருப்பதாக என்னிடம் சொன்னார், வீடு என்ற சொல்லைத் தவிர்க்கவே கட்டடம் என்று போடப்பட்டது, அந்தச் சொல்லைச் சொன்னவள் நான். இவ்வளவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். தாலுகா ஆபீசில் இந்த ஃபைலைப் பார்க்கும் கிளார்க் எனக்குப் பல வருஷப் பழக்கம். வாசித்துவிட்டுக் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"இத உள்ள எடுத்தா உங்க மேலயும் கேஸ் வரும் மேடம். நாளைக்கும் இதே வாசல்லதான் உக்காரணும் நீங்க."

"பரவால்லீங்க. எடுத்துக்கங்க."

"எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல." அவர் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்துக் கடைசித் தாளைக் காட்டினார். தடையில்லாச் சான்று. போன வெள்ளிக்கிழமை கையெழுத்தாகியிருந்தது. பார்வையிட வந்த அதிகாரி பக்கத்தில் நோயாளி இருப்பதைக் குறிப்பிட்டு எழுதின பக்கமும் அதில் இருந்தது. அதற்கு மேலேயே இன்னொரு கை, ஆட்சேபத்துக்கு ஆதாரம் சமர்ப்பிக்கப்படவில்லை என்று எழுதி மூடியிருந்தது.

நான் கொண்டுபோனதை அவர் வாங்கிக்கொண்டார். மேலே முறையிட்டோம். முசியே தன் செலவில் ஒரு வக்கீலைப் பிடித்தார். இரண்டு வாய்தாவுக்குப் பிறகு அதுவும் நகரவில்லை. என் மேல் கேஸ் எதுவும் வரவில்லை. அந்தத் தாளை யாரும் படிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

டேங்குக்குக் குழி தோண்டினபோது ஊற்றுத் தண்ணீர் பீறிட்டது. மோட்டார் வைத்து நாள் கணக்கில் இறைத்துச் சாக்கடையில் விட்டார்கள். பாய் வீட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரைவரை ஒரு விரிசல் ஓடியது. தூசு வராமல் இருக்க ஜன்னலின் உள்பக்கம் பாய் பிளாஸ்டிக் தாளை ஒட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அக்கா அந்த அறையில் ஒன்பது நாள்தான் இருந்தார். அதன் பிறகு ஊருக்கு வெளியே மகன் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டுக்கு அவரைக் கொண்டுபோனார்கள். சாமான் ஏற்றின அன்று தெருவே போய் உதவி செய்தது. நானும் போனேன். ஒரு பாத்திரக் கூடையைத் தூக்கினேன். பாய் என் கையிலிருந்து அதை வாங்கி வேறு ஒருவரிடம் கொடுத்தார். கோபமாக எதுவும் இல்லை. தெரியாத ஆள் தூக்கினால் எப்படி வாங்குவோமோ அப்படி.

பங்க் திறந்த அன்று வாழை மரம் கட்டி, வந்த வண்டிக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள். பால் கடைக்காரர் தெருவுக்கும் லட்டு வாங்கி வந்து நீட்டினார். சிலர் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் எங்கள் வீட்டு மோட்டாரில் வரும் தண்ணீரில் ஒரு வாடை வர ஆரம்பித்தது. அது பங்க்கால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. குடிப்பதற்குக் கேன் வாங்குகிறோம்.

அக்கா அந்த மாடி வீட்டில் ஏழு மாதம் இருந்தார். செய்தி முசியே மூலம்தான் வந்தது. நான் போனபோது பெண்கள் அறையில் கூட்டமாக இருந்தது. அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு எதுவும் தெரியாது போலிருக்கிறது. கடைசி வரைக்கும் அம்மா நம்ம வூட்டுக்குப் போலாம்னே சொல்லிட்டு இருந்தாங்க என்றாள். பாய் வாசலில் நாற்காலியில் இருந்தார். நான் கிளம்பும்போது தலையை மட்டும் அசைத்தார்.

போன மாசி மாதத்தில் ஒரு நாள் பாய் என் கடைக்கு வந்தார். தாலுகா ஆபீஸ் வாசலில் அன்று வேறு டைப்பிங் கடை எதுவும் திறக்கவில்லை, அதனால் வந்திருப்பார். இளைத்திருந்தார். ரேஷன் கார்டிலிருந்து மனைவியின் பெயரை எடுக்க மனு எழுத வேண்டும். இறப்புச் சான்றிதழை மேஜை மேல் வைத்தார்.

"உக்காருங்க பாய். டீ சொல்லட்டுமா?"

"வேணாங்க. சீக்கிரம் அடிச்சுக் குடுங்க, மணியாச்சு."

இத்தனை வருஷத்தில் அவர் என்னை நீங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அடித்து முடித்துப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை மேஜையில் விரித்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து வாய்க்குள் வாசித்தார். முடித்ததும் மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் சலித்துக்கொண்டார். பாய் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவையும் முடிந்த பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி என் பக்கம் வைத்துவிட்டு, ரோட்டைக் கடந்து ஆபீசுக்குள் போனார்.